மீட்டர் சொல்வதும் வண்டி சொல்வதும்: பழைய காருக்கு விலை போடும் முறை

"2017 மாடல், 42,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர்." பழைய கார் விளம்பரம் பெரும்பாலும் இந்த மூன்று தகவல்களோடுதான் வரும். மாடல் ஆண்டும் ஓனர் எண்ணிக்கையும் அரசுப் பதிவில் இருப்பவை, யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் கிலோமீட்டர் மட்டும் விற்பவர் சொல்வது. ஆனால் பேரத்தில் விலையை அதிகம் ஏற்றி இறக்குவது அந்த எண்தான்.

விலை போடும்போது இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். வயது அடிப்படை விலையைத் தருகிறது. வண்டியின் இன்றைய நிலை அந்த விலையைத் திருத்துகிறது. ஓடிய கிலோமீட்டர், அந்த நிலை ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கும் ஒரு தடயம், அதற்கு மேல் இல்லை. வண்டியின் நிலையோடு பொருந்தாத கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

வயதிலிருந்து தொடங்குவது

விற்பவர் அன்று என்ன விலைக்கு வாங்கினார் என்பது கணக்கில் வராது. அதே மாடல், அதே வேரியன்ட் இன்று ஷோரூமில் என்ன விலை என்பதுதான் தொடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி, செஸ்ஸோடு சேர்த்து 29 முதல் 31 சதவீதம் வரை இருந்தது, 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தைய விலைகளை மனதில் வைத்துக்கொண்டு கேட்கும் விற்பனையாளர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

தேய்மானத்துக்கு எல்லோர் கையிலும் இருக்கும் அளவுகோல், இன்ஷூரன்ஸ் பாலிசியில் வரும் ஐடிவி கணக்கு, அதாவது கம்பெனி வண்டிக்குப் போடும் மதிப்பு. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வருடம் வரை 30, நான்கு வருடம் வரை 40, ஐந்து வருடம் வரை 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து வருடம் தாண்டினால் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி வைப்பதுதான் மதிப்பு. இது சந்தை விலை அல்ல. ஆனால் இந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று பார்க்க உதவும். இன்னோவா போன்ற வண்டிகளும் மாருதியின் பெட்ரோல் சிறு கார்களும் தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு மேலேதான் விற்கும். ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு, உதிரிபாகம் அன்றைக்கே கிடைக்கும், திரும்ப விற்பதும் எளிது. இதற்கு நேர்மாறு, கம்பெனியே கடையைக் கட்டிய வண்டிகள். செவர்லே 2017 இறுதியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஒரு ஃபிகோவோ ஈக்கோஸ்போர்ட்டோ ஓட்ட மிக நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் குறைவு என்பதால், வாங்கும்போதே அந்தக் குறைவை விலையில் கழித்துவிட வேண்டும்.

வயதை எண்ணும்போது பதிவுத் தேதியைப் பார்க்காமல் ஆர்சியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2018 நவம்பரில் தயாரித்து 2019 மார்ச்சில் பதிவான வண்டி, சந்தைக்கு 2018 மாடல்தான்.

சில ஆண்டுக் கோடுகள் வெறும் தேய்மானத்தைவிடப் பெரியவை. 2019 ஏப்ரல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஏபிஎஸ் (சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம், அதே ஆண்டு ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக் கட்டாயம், 2022 தொடக்கத்திலிருந்து முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் கட்டாயம். 2017இல் வந்த அடிப்படை வேரியன்ட் ஒன்றில் இவை எதுவுமே இல்லாமல் இருக்கலாம். பத்து இருபதாயிரம் வித்தியாசத்துக்காக இதை விட்டுக்கொடுப்பது சரியல்ல. 2020 ஏப்ரல் பிஎஸ்6 கோடு, அதாவது புகை மாசு விதி கடுமையான மாதம். டீசல் பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், காரணம் கீழே வருகிறது.

பதிவின் ஆயுள் 15 வருடம். 12 வயது வண்டி என்றால் ஆர்சியில் மூன்று வருடம்தான் மிச்சம். அதன் பிறகு எஃப்சிக்கு வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, அதோடு பசுமை வரியும் உண்டு. டெல்லி வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை வந்ததிலிருந்து, அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபனையில்லாச் சான்று) வாங்கி வெளிமாநிலங்களுக்கு வரும் வண்டிகள் அதிகம். விலை மலிவாகத் தெரியும். தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் மலிவு கரைந்துவிடும். புதுச்சேரி பதிவெண்ணுக்கும் இதே கணக்குத்தான்.

வண்டி ஓடாவிட்டாலும் வயது வேலை செய்துகொண்டே இருக்கும். சஸ்பென்ஷன் புஷ், எஞ்சின் மவுன்ட், ரேடியேட்டர் ஹோஸ், கதவு ரப்பர், ஏசி ஓ-ரிங் எல்லாம் நம் வெயிலில் எட்டுப் பத்து வருடத்தில் இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால்தான் அதை ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பத்து வருடத்தில் 25,000 மட்டுமே ஓடிய வண்டிக்கும் பத்து வருடத்து ரப்பர்தான் இருக்கிறது.

கிலோமீட்டரைச் சரிபார்ப்பது

சொந்த உபயோகத்துக்கு ஓடும் பெட்ரோல் வண்டி வருடத்துக்கு 10,000 முதல் 12,000 வரை ஓடுவது இயல்பு, டீசல் 15,000 முதல் 20,000 வரை. எட்டு வருட டீசல் வண்டியில் 45,000 என்று மீட்டர் காட்டினால் கேள்வி எழ வேண்டும். அதிக ஓட்டம் வேண்டும் என்றுதான் கூடுதல் பணம் கொடுத்து டீசல் வாங்குகிறார்கள்.

ஆனால் எண் உண்மையாகவே இருந்தாலும் அது எந்தச் சாலையில் ஓடியது என்பது முக்கியம். சென்னை நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் 60,000 ஓடிய வண்டியின் எஞ்சின் 3,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. திருச்சி, மதுரை நெடுஞ்சாலையில் சராசரி 50இல் 1,20,000 ஓடிய வண்டியின் எஞ்சின் ஓடியது 2,400 மணி நேரம்தான். முதல் வண்டியின் கிளட்ச், பிரேக், கியர் எல்லாம் ஒவ்வொரு சிக்னலிலும் வேலை செய்தவை. இரண்டாவது வண்டியில் தேய்ந்திருப்பது டயரும் வீல் பேரிங்கும், கல் அடிபட்ட முன்கண்ணாடியும். சந்தையோ முதல் வண்டிக்குத்தான் அதிகம் கொடுக்கிறது. நெடுஞ்சாலை வண்டியைத் தேடுபவருக்கு இது நல்ல செய்தி.

இனி மீட்டர் திருப்புவது. பழைய முள் மீட்டரைத் திருகியது போலவே, டிஜிட்டல் மீட்டரின் நினைவகச் சில்லில் எண்ணை மாற்றி எழுதுவதும் சில நிமிட வேலை. பலன் சில பத்தாயிரங்கள் என்பதால் இது பரவலாக நடக்கிறது. கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதாது, பல தடயங்கள் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முதலில் கம்பெனி சர்வீஸ் பதிவு. வண்டி எண்ணைக் கொடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வருகையின் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும். மூன்றாமவருக்குக் காட்டத் தயங்குவார்கள் என்பதால் ஓனரையே கூட அழைத்துப் போங்கள், அல்லது கம்பெனி ஆப்பிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். எண் எங்காவது பின்னோக்கிப் போகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. 2018 முதல் 2021 வரை வருடம் 18,000 ஓடிய வண்டி, அதன் பிறகு சர்வீஸ் பதிவே இல்லாமல் நான்கு வருடத்தில் வெறும் 6,000 ஓடியதாக இருந்தால், அந்த நான்கு வருடத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றும்போது பானட்டுக்குள்ளோ கதவு ஓரத்திலோ ஒட்டும் ஸ்டிக்கர்களையும் தேடுங்கள். மீட்டர் திருப்புபவர்கள் இவற்றைக் கிழிக்க மறப்பதுண்டு. சில மாடல்களில் ஏபிஎஸ், ஏர்பேக், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்களும் கிலோமீட்டரைத் தனியாகப் பதிந்து வைக்கும். ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் அதைப் படித்துச் சொல்வார்.

பிறகு டயர். பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வண்டியோடு வந்த டயர் பொதுவாக 40,000 முதல் 50,000 வரை தாங்கும். 2019 வண்டி, மீட்டரில் 28,000, ஆனால் நான்கு டயரும் 2022 தயாரிப்பு என்றால், மூன்றே வருடத்தில் அந்த டயர்கள் ஏன் மாறின என்று கேட்க வேண்டும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் மாறாமல் இருக்கும் அசல் டயர்.

கடைசியாகக் கையும் காலும் படும் இடங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரின் கோடுகள் மழுங்கியிருக்கிறதா, டிரைவர் சீட்டின் வலப்பக்க விளிம்பு, அதாவது ஏறி இறங்கும்போது உரசும் பக்கம், அமுங்கி வெடித்திருக்கிறதா, ஸ்டியரிங்கின் மேற்பரப்பு வழுவழுவென்று பளபளக்கிறதா என்று பாருங்கள். 30,000 ஓடிய வண்டியில் இவை தேயாது. சீட் கவரும் ஸ்டியரிங் கவரும் புத்தம் புதிதாக இருந்தால் கழற்றிக் காட்டச் சொல்லலாம். பெடல் ரப்பர் மட்டும் புதிதாக இருப்பதும் ஒரு பதில்தான்.

நிலை: சரிசெய்ய முடியாததை முதலில் பாருங்கள்

எஞ்சினைத் திரும்பக் கட்டலாம், சஸ்பென்ஷனை மாற்றலாம். வளைந்த சட்டத்தை நிமிர்த்தினாலும் அது பழைய பலத்துக்கு வராது. அடுத்த விபத்தில் உள்ளே இருப்பவரைக் காப்பது அந்தச் சட்டம் என்பதால், முதல் அரை மணி நேரம் பாடிக்குப் போக வேண்டும். பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்துக் காய்ந்த வண்டியைப் பாருங்கள்.

பெயின்ட் கனமானி சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. வண்டி பார்த்துக் கொடுப்பவர்களும் கொண்டுவருவார்கள். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான். 200க்கு மேல் 300 வரை காட்டினால் மறுபடி அடித்த பெயின்ட். 500ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது, அதாவது அங்கே ஒடுங்கியதை டிங்கரிங் செய்திருக்கிறார்கள். கதவிலோ ஃபெண்டரிலோ பட்டி இருந்தால் அது விலை பேச ஒரு காரணம், அவ்வளவுதான். நம் ஊர்ச் சாலையில் உரசாத வண்டி அபூர்வம். கதவுகளுக்கு இடையே நிற்கும் பில்லரிலோ கூரையிலோ பட்டி காட்டினால் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.

பானட்டைத் திறந்து இரு பக்கமும் ஏப்ரனைப் பாருங்கள், அதாவது ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் தகடு. கம்பெனி ஸ்பாட் வெல்ட் சின்னச் சின்ன வட்டக் குழிகளாகச் சம இடைவெளியில் இருக்கும். சீலர் ஒரே சீரான கோடாக ஓடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் சீலர் விரலால் தேய்த்தது போலவும் வெல்ட் கோடாகவும் இருந்தால், முன்பக்கம் பலமாக அடி வாங்கியிருக்கிறது. ஃபெண்டர், பானட் கீல் போல்ட்களின் தலையில் பெயின்ட் உரிந்து ஸ்பானர் தடம் இருந்தால் அவற்றை ஒருமுறையாவது கழற்றியிருக்கிறார்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டில் மடிப்பும் சுருக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கண்ணாடியிலும் தயாரிப்பு ஆண்டுக் குறி இருக்கும், ஒன்று மட்டும் வேறு ஆண்டானால் காரணம் கேளுங்கள்.

சென்னை, அதன் சுற்றுவட்டார வண்டி என்றால் வெள்ளம் தனிச் சோதனை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று தீர்த்த வண்டிகள் ஏலத்தில் போய், சுத்தம் செய்யப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வரும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுங்கள், அடி நுனியில் சேற்றுக் கோடு இருந்தால் நீர் அந்த உயரம் வந்திருக்கிறது. சீட் ரயிலிலும் சீட் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கிலும் துரு, டாஷ்போர்டு அடியில் வயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு, ஹெட்லைட் உள்ளே வண்டல் கோடு ஆகியவற்றையும் தேடுங்கள். வெள்ள வண்டி வாங்கிய மாதம் நன்றாகவே ஓடும். ஒன்றிரண்டு வருடத்தில் வயரிங் அரித்து, ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும், பவர் விண்டோ நிற்கும், கடைசியில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ போகும். ஒவ்வொன்றாகத் துரத்திச் சரிசெய்ய முடியாது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். போனதும் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட விட்டிருக்கிறார்கள், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங். வெள்ளைப் புகை ஒன்றிரண்டு நிமிடத்தில் மறைந்தால் நீராவி. எஞ்சின் சூடான பிறகும் தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. டீசலில் கரும்புகை அடர்த்தியாக வந்தால் இன்ஜெக்டர், டர்போ பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை விட்டு விட்டு வேகமாகத் தள்ளினால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது, செலவு பெரியது. மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கூலன்ட் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே வெறும் தண்ணீரும் துருவும் இருந்தால் முந்தைய ஓனர் வண்டியைப் பராமரித்த விதம் தெரிந்துவிடும். பிறகு ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, வெப்ப முள் நடுவில் நிற்கிறதா, ஃபேன் சுற்றி நிற்கிறதா என்று பாருங்கள்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அது எப்போது மாறியது என்பதற்கு பில் கேளுங்கள். ஸ்விஃப்ட் டீசலின் 1.3 எஞ்சினில் செயின், டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட். பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சின் தலையே போய்விடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்து விலையில் கழியுங்கள். 2020க்குப் பிந்தைய பிஎஸ்6 டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அது தானே சுத்தமாக நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. ஊருக்குள் மட்டும் ஒவ்வொரு முறையும் நான்கைந்து கிலோமீட்டரே ஓடிய, குறைந்த கிலோமீட்டர் பிஎஸ்6 டீசல்தான் இங்கே அதிக ஆபத்தானது.

ஓட்டிப் பார்க்கும்போது வானொலியை அணைத்துவிடுங்கள். 40 வேகத்தில் நான்காம் கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால், ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. ஸ்பீடு பிரேக்கரில் மெதுவாக ஏறி இறங்கும்போது டொக் என்ற சத்தம் லோயர் ஆர்ம் அல்லது லிங்க் ராடிலிருந்து வரும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடிக்கும்போது டிக் டிக் என்றால் டிரைவ் ஷாஃப்ட். ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். உலுக்கலும் தயக்கமும் இருந்தால், சில கியர்பாக்ஸ்களில் செலவு லட்சத்தைத் தொடும்.

எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றுவது

குறைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் அடுத்த ஒரு வருடத்தில் ஆகும் செலவைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே 2018 பெட்ரோல் ஹாட்ச்பேக், இரண்டு வண்டி, இரண்டுக்கும் 4 லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி 36,000 ஓடியது, உண்மையான எண்தான். ஆனால் டயர் அசல், வயது தாண்டியது: நான்குக்கும் ஏறத்தாழ 18,000. பேட்டரி 5,000. நகர ஓட்டத்தில் கிளட்ச் கனத்திருக்கிறது: வேலையோடு 10,000. மூன்று வருடமாக சர்வீஸ் இல்லை, எல்லா ஆயிலும் கூலன்டும் பெல்ட்டும் மாற்ற 8,000. புஷ்கள் 7,000. மொத்தம் 48,000. இரண்டாவது வண்டி 88,000 ஓடியது, முழு சர்வீஸ் பதிவு உண்டு, கிளட்ச் 80,000இல் மாறியது, டயர் புதிது. முன் பிரேக் டிஸ்கும் பேடும் 7,000, சாதாரண சர்வீஸ் 6,000, மொத்தம் 13,000. கையில் வரும் விலையில் முதல் வண்டி 35,000 அதிகம்.

இதில் ஒரு திருத்தம் உண்டு. வாங்குபவர்கள் ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கண்டு பயப்படுகிறார்கள். இரண்டே வருடத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் இரண்டாவது வண்டி அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கும், அதற்காக இப்போதே இருபது முப்பதாயிரம் குறைத்துக் கேளுங்கள். ஆறேழு வருடம் வைத்துக்கொள்வதாக இருந்தால் அந்தக் கோட்டுக்குப் பொருளில்லை, இரண்டாவது வண்டியே வாங்கத் தகுந்தது.

கார் கன்சல்டிங்கில் கேட்கும் விலை நேரடி ஓனர் விலையைவிட அதிகமாகத்தான் இருக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி தன் லாபத்தின் மீது 18 சதவீத வரி கட்டுகிறார். தனிநபர் தனிநபருக்கு விற்றால் இந்த வரி இல்லை. அந்தக் கூடுதலுக்கு ஈடாக எழுத்தில் வாரன்ட்டியோ பெயர் மாற்றப் பொறுப்போ தந்தால் கொடுக்கலாம்.

பாலிசியில் நோ கிளெய்ம் போனஸையும் பாருங்கள். 50 சதவீதம் என்றால் அந்த ஓனர் தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் வாங்கவில்லை. பூஜ்யம் என்றால் சமீபத்தில் என்ன கிளெய்ம் என்று கேட்க உரிமை உண்டு. அந்த போனஸ் ஓனருடையது, வண்டியோடு உங்களுக்கு வராது. எனவே முதல் பிரீமியத்தையும் செலவுப் பட்டியலில் எழுதுங்கள். எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு ஓனர் வரிசை, வங்கிக் கடன் குறிப்பு, இ-சலான் பாக்கி, முன்பு டி போர்டாக, அதாவது வாடகை வண்டியாக ஓடியதா என்பதையெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பார்த்துவிடலாம். கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் கையெழுத்திட்ட படிவம் 35உம், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30உம் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது விற்பவருக்கும் ஆபத்து. வண்டி கைமாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது.